அருணாசலவடிவின் தம்பி

தேசிய ஓட்டப்பந்தயங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஜெயித்தவன் பெயரை எழுதுவார்கள், இரண்டாவது வந்தவனை எழுதுவார்கள், மனசு இருந்தால் மூன்றாமவனையும் சேர்த்துக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாரையும் எழுத ஆரம்பித்தால் புத்தகம் எங்கே முடியும்? ஆனால் 1948-இல் லக்னோவில் நடந்த போட்டிக்குப் போயிருக்க வேண்டிய ஒருவன், அந்த நேரத்தில் தூத்துக்குடியில் ஒரு கமிஷன் மண்டியில் கருப்பட்டிச் சிப்பம் அடுக்கிக்கொண்டிருந்தான் என்பதை யாராவது ஒருத்தர் எழுதத்தானே வேண்டும். அவன் பெயர் வன்னியபெருமாள். அதே மண்டியில் நான் கணக்கு எழுதினேன். என் பெயர் ஜெயசிங், சொந்த ஊர் நாசரேத். அவன் ஓடிய இரண்டு பந்தயங்களையும் சைக்கிளில் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல நாள் நினைத்ததுண்டு.

அவனை ஓட்டக்காரனாக ஆக்கியது யுத்தம். பெட்ரோல் கிடைக்காமல் திருச்செந்தூர் ரோட்டு பஸ்களுக்கெல்லாம் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அதன் வாயுவில் ஓட்டிக்கொண்டிருந்த காலம். அந்த பஸ் எப்போது கிளம்பும், எங்கே மூச்சுமுட்டி நிற்கும் என்பது டிரைவருக்கே தெரியாது. எங்கள் முதலாளி காசிலிங்க நாடாருக்குப் பொறுமை என்பது ஜாதகத்திலேயே கிடையாது. மதராஸில் விலை ஏறிவிட்டதென்று தந்தி வந்தால், பக்கத்து மண்டிக்காரன் முந்துவதற்குள் பழையகாயலில் சரக்கு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சைக்கிளில் அனுப்பலாம் என்றால் டயருக்கும் பஞ்சம்.

“ஏலே பெருமாளு, நீ ஒரு எட்டு போயிட்டு வாலே” என்பார்.

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்புவான். போனவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் திரும்பி வந்து நிற்பான். முதல் தடவை முதலாளி நம்பவில்லை. பாதி வழியில் எங்கேயோ உட்கார்ந்துவிட்டு வந்து கதை அளக்கிறான் என்று மண்டி அதிரக் கத்தினார். மறுநாள் காலையில் பழையகாயல் சரக்கு வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் வாயை மூடினார். அதற்குப் பிறகு யாராவது அவனை வேறு வேலைக்கு ஏவினால் அவர்களுக்குத்தான் வசவு.

அவன் செருப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. உப்பள வரப்பில் நடந்து வளர்ந்த கால். அவன் ஓடும்போது பெரிய வேகமாகத் தெரியாது. ஏதோ கடைக்குப் போகிறவன் சற்று விரசாகப் போகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் சைக்கிளில் கூடவே போனால்தான் நமக்கு நாக்குத் தள்ளும்.

அவனுக்குத் தாய், தகப்பன் எல்லாமே அக்கா அருணாசலவடிவுதான், எங்களுக்கெல்லாம் வடிவக்கா. அவன் தவழுகிற வயசில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா கொழும்புக்குப் போனவர், போனவர்தான். பத்துப் பன்னிரண்டு வயசுப் பெண் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டே அடுப்பு வேலையும் பார்த்து வளர்ந்தாள். முள்ளக்காட்டில் உப்பள வேலை பார்த்த முப்பிடாதிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது, தம்பி கையையும் பிடித்துக்கொண்டுதான் புருஷன் வீட்டு வாசலில் காலெடுத்து வைத்தாள். “சீதனமா ஒரு பயலக் கூட்டிட்டு வந்தவ” என்று அந்தத் தெருவில் ரொம்ப நாள் கேலி பேசினார்கள். அவள் சும்மா விடுகிற ஆள் இல்லை. “ஒம்ம வீட்டுல வந்த சீதனம் எங்க இருக்குன்னு காட்டும் பாப்போம், என் சீதனம் அன்னா நிக்கான்” என்று திருப்பிக் கொடுப்பாள். வாய் பெரிசு. மனசு அதைவிடப் பெரிசு.

அவள் வீடு திருச்செந்தூர் ரோட்டைப் பார்த்து இருந்தது. மாசித் திருவிழாவுக்கும் வைகாசி விசாகத்துக்கும் அந்த ரோட்டில் சாரைசாரையாக ஜனங்கள் முருகனைப் பார்க்க நடந்து போவார்கள். எல்லாம் வெறுங்கால். வெயிலில் ரோடு கொதிக்கும். வடிவக்கா வாசலில் குடத்தோடு நிற்பாள். வருகிறவர்கள் காலில் மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றி, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாருமே செய்கிற காரியம்தான். குடத்தோடு ஒருத்தி நிற்கும்போது தாண்டிப் போகிறவன் கிடையாது. எவ்வளவு அவசரம் என்றாலும் நிற்பான், இரண்டு காலையும் சேர்த்து வைப்பான், தண்ணீரை வாங்கிக்கொண்டுதான் நகருவான். வாங்காமல் போனால் ஊற்ற வந்தவள் முகத்தில் அடித்த மாதிரி. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதை யாரும் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

லாகூரில் நடந்த தேசியப் போட்டியைப் பற்றி அவனுக்குச் சொன்னது நான்தான். 1944-இல் ஒரு முறை, 1946-இல் ஒரு முறை, இரண்டும் லாகூரில்தான் நடந்தன. மண்டிக்கு வரும் பேப்பரில் எந்த மாகாணத்துக்காரன் எதில் ஜெயித்தான் என்று போட்டிருப்பான். நீள ஓட்டம், இருபத்தாறு மைல், மாரத்தான் என்று பெயர் என்று நான் வாசித்தபோது அவன் சிப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

“அண்ணே, இருபத்தாறுன்னா நம்ம பழையகாயல் போயிட்டு வார தூரம்லா?”

“கிட்டத்தட்ட அதுதான்.”

“அதுக்கா மாலை போடுதாவ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை. அன்றையிலிருந்து அவனுக்கு அந்த நினைப்புப் பிடித்துக்கொண்டது. முதலில் விளையாட்டாகத்தான் கேட்பான்: அடுத்த போட்டி எப்போது, எந்த ஊரில், யாரைப் பார்க்க வேண்டும் என்று. பிறகு விளையாட்டு இல்லை என்று தெரிந்துபோனது. ஒருநாள் உப்பு லாரி ஏறிப் போய் அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தான். “எந்தம்பி தேசத்துக்கே ஓடப் போறான்” என்று அவள் முள்ளக்காடு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். தேசம் என்றால் எது, லக்னோ என்றால் எந்தத் திசை என்பது அவளுக்குத் தெரியாது. எங்களுக்கு மட்டும் என்ன தெரியும்? லாகூரே வேறு தேசத்துக்குப் போய்விட்டது, அடுத்த போட்டி லக்னோவில் என்று 1947-இல் பேப்பரில் பார்த்தோம். அங்கே முந்தினவர்களிலிருந்து லண்டன் ஒலிம்பிக்குக்கு ஆள் பொறுக்குவார்கள் என்றும் போட்டிருந்தது. அவனுக்கு அப்போது இருபத்தெட்டு வயசு. யுத்தம் இல்லாதிருந்தால் முன்னாலேயே போயிருக்கலாம். ஆனால் யுத்தம் இல்லாதிருந்தால் ஓடியே இருக்க மாட்டான்.

தெற்கு ஜில்லாக்களிலிருந்து ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க விளையாட்டுச் சங்கத்துக்காரர்கள் அந்தப் புரட்டாசியில் தூத்துக்குடியில் பந்தயம் வைத்தார்கள். எந்த ரோடு என்று கேட்டபோது எங்கள் மண்டியே கைதட்டியது. துறைமுகத்துக்கு எதிரே புறப்பட்டு, முள்ளக்காடு தாண்டி, பழையகாயலில் திரும்பி, அதே வழியாக ஊருக்கு வர வேண்டும். இதைவிட ஒருவனுக்கு என்ன கொடுப்பினை வேண்டும்? முதலாளி புது பனியன் எடுத்துக் கொடுத்தார். அதன் முதுகில் நம்பர் துணியைக் குத்திவிட்டது நான்.

மதராஸிலிருந்து வந்த நடுவர் உயரமான மனிதர், வெள்ளைக் கால்சட்டை, மரியாதையான பேச்சு. புறப்படும் முன் விதிகளை இங்கிலீஷில் வாசித்துவிட்டு, தமிழிலும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வழியில் சங்கத்துக்காரர்கள் வைத்திருக்கும் தண்ணீரைத் தவிர வேறு யாரிடமும் எந்த உதவியும் வாங்கக் கூடாது. வாங்கினால் ஆள் நீக்கப்படுவார். வன்னியபெருமாள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். அவன் காதில் விழவில்லை என்று பிற்பாடு யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நன்றாக விழுந்தது.

ஓடினார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரிப் பையன்கள் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு முதலில் பாய்ந்தார்கள். ஒரு போலீஸ்காரர் நன்றாக ஓடினார். இவன் தன் பாட்டுக்கு, தந்திச் செய்தி கொண்டுபோகிற மாதிரியே போனான். முள்ளக்காட்டை முதல் தடவை தாண்டும்போது வெயில் ஏறவில்லை. வடிவக்கா வாசலில் தெருவையே கூட்டி வைத்துக்கொண்டு நின்றாள். “அன்னா வாரான், அன்னா வாரான்” என்று குரல். அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். பழையகாயலில் திரும்பியபோது அவனுக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னால் அந்தப் போலீஸ்காரர் மட்டும் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தார்.

திரும்பி வரும்போது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. புரட்டாசி வெயிலைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முள்ளக்காட்டுக்கு வரும்போது தார் ரோடு ஆரம்பிக்கிறது. இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி, ஒரு மர நிழல் கிடையாது, தார் இளகி மினுங்கியது. நான் சைக்கிளில் சற்றுப் பின்னால் வந்தேன். எனக்கும் பின்னால் நடுவரின் ஜீப்.

வடிவக்கா ரோட்டு ஓரத்தில் நின்றாள். இடுப்பில் பித்தளைக் குடம்.

நான் சைக்கிளை வேகமாக மிதித்தேன். கத்தலாமா என்று நினைத்தேன். கத்தியிருந்தாலும் எட்டியிருக்காது. அவளுக்கு என்ன தெரியும்? வெறுங்காலோடு ஒருவன் கொதிக்கிற ரோட்டில் ஓடி வருகிறான், அதுவும் தான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவள் செய்யாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவள் ஓடிப்போய் அவன்மேல் ஊற்றவில்லை. இரண்டு அடி முன்னால் வந்து நின்றாள், அவ்வளவுதான். அவன் நின்றான். இரண்டு காலையும் சேர்த்து வைத்தான். அவள் குனிந்து நிதானமாக ஊற்றினாள், விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“போ ராசா” என்றாள்.

அவன் போனான். ஜீப் அவள் வீட்டு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு நகர்ந்தது.

ஊருக்குள் அவன் தனியாக வந்து சேர்ந்தான். போலீஸ்காரர் வருவதற்குள் முதலாளி அவன் கழுத்தில் மாலையைப் போட்டு, சோடாவும் குடிக்க வைத்துவிட்டார். மேளக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். பிறகு நடுவர் ஜீப்பிலிருந்து இறங்கி முதலாவது என்று போலீஸ்காரர் பெயரைச் சொன்னார். மேளம் பாதியில் நின்றது.

முதலாளி சண்டைக்குப் போனார். “தண்ணிய வாங்கிக் குடிச்சாம்னா தப்புன்னு சொல்லும், ஒத்துக்கிடுதேன். காலுல ஊத்துனதுல என்னய்யா தப்பு? கால் குடிச்சிட்டா?” என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

நடுவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவர்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். அவர் வன்னியபெருமாளைத் தனியாக ஒரு பக்கம் அழைத்தார், நானும் கூடவே போனேன். “தம்பி, அந்த அம்மாள் திடீரென்று குறுக்கே வந்து உங்களை மறித்துவிட்டார், உங்களால் விலக முடியவில்லை, அப்படித்தானே நடந்தது? அப்படி நீங்கள் சொன்னால் இது உதவியில் சேராது, இடைஞ்சல். நீங்கள்தான் முதல் என்று நான் எழுதிவிடலாம்” என்றார். அவர் கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். லக்னோ கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது.

“மறிக்கல சார்” என்றான் இவன். “நான்தான் நின்னேன்.”

“யோசித்துச் சொல்லுங்கள்.”

“அவ எங்கக்கா சார். அவ மறிச்சான்னு நான் எப்படிச் சொல்ல?”

நடுவர் அவன் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. “ஏலே கிறுக்கா, அவளுக்குத் தெரியவா போகுது? ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போவ?” என்று திட்டினேன். அவன் மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, “அண்ணே, அக்காட்ட மட்டும் சொல்லீராதீய. நான் ரெண்டாவதா வந்தேன்னு சொல்லிக்கிடுதேன்” என்றான். முதலாளியிடமும் மண்டி ஆட்கள் எல்லாரிடமும் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டான். மாமா முப்பிடாதியிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். அந்த மனுஷன் கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் நாங்கள் இருவரும் முள்ளக்காட்டுக்குப் போனோம். வடிவக்கா அவன் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து விளக்கெண்ணெய் தடவினாள். “ரெண்டாவதுன்னா என்ன, கொறச்சலா? அந்த வெயிலுக்கு நான் மட்டும் தண்ணி ஊத்தலன்னா நீ பாதியிலயே விழுந்திருப்ப” என்றாள். அவன் சிரித்தான். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

லக்னோவுக்கு வேறு ஆட்கள் போனார்கள். பேப்பரில் வந்ததை அவன் கேட்டபோது வாசித்துக் காட்டினேன். யார் ஜெயித்தான் என்று கேட்கவில்லை. “அங்கன ரோடு எப்படிண்ணே இருக்கும்? நம்ம ஊரு மாதிரி தார் இளகுமா, இல்ல குளுந்து கெடக்குமா?” என்று கேட்டான். எனக்கென்ன தெரியும்? குளிராகத்தான் இருக்கும் என்றேன். “அப்பம் தண்ணிக்கு அவசியமில்ல” என்றான்.

அடுத்தது 1950-இல், பம்பாயில் என்றார்கள். அவன் விடவில்லை. முப்பது வயசில் ஓடினவர்கள் எவ்வளவோ பேர் என்று முதலாளி உற்சாகப்படுத்தினார். வடிவக்கா வாரத்துக்கொருதரம் முட்டையும் எள்ளுருண்டையும் உப்பு லாரியில் கொடுத்துவிடுவாள். தம்பிக்குத் தெம்பு போதாமல்தான் அன்றைக்கு ஒருத்தன் முந்திவிட்டான் என்று அவள் முழுசாக நம்பினாள். அவனும் அதைத் தின்றுவிட்டு ஓடினான். அதற்குமுன் அவன் அவ்வளவு நன்றாக ஓடி நான் பார்த்ததில்லை. 1949 புரட்டாசியில் மறுபடியும் தூத்துக்குடியில், அதே ரோட்டில் பந்தயம் என்று முடிவானது.

பந்தயத்துக்கு நாலைந்து நாள் முன்னால், வழியிலிருக்கிற ஊர்களுக்கெல்லாம் சங்கத்துக்காரர்கள் தண்டோரா போட ஏற்பாடு செய்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. போன தடவை மாதிரி ஆகிவிடக் கூடாதே என்றுதான். தமுக்கு அடிக்கிறவன் முள்ளக்காட்டுத் தெருவில் வந்து நின்று சொன்னான்: ஓடுகிறவங்களுக்கு யாரும் தண்ணி கொடுக்கக் கூடாது, கிட்டப் போகக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது, போன பந்தயத்தில் இதே ஊரில் ஒரு பொம்பளை காலில் தண்ணி ஊற்றப் போய், முதலாவது வந்தவனை இல்லை என்று தள்ளிவிட்டார்கள்.

வடிவக்கா அப்போது வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாளாம். தமுக்குக்காரன் அடுத்த தெருவுக்குப் போய்விட்டான். அவள் முறத்தைக் கீழே வைக்காமல் இருட்டும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்று முப்பிடாதி பிறகு சொன்னார்.

மறுநாள் காலையில் மண்டிக்கு வந்தாள். அதுவரைக்கும் அவள் மண்டிக்கு வந்ததே இல்லை. என்னைப் பார்த்தும் பேசவில்லை. நேராகச் சிப்பம் அடுக்கியிருக்கிற இடத்துக்குப் போனாள்.

“ஏலே, அது நான் ஊத்துனதுதானா?”

வன்னியபெருமாள் என்னைப் பார்த்தான். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன்.

“இல்லக்கா” என்றான். “அது வேற ஆளு. வேற ஒருத்தனுக்கு வேற எவளோ ஊத்துனா. நான் ரெண்டாவதுதான்.”

“வேற எவ ஊத்துனா? எங்க தெருவுல எனக்குத் தெரியாம எவ குடத்தத் தூக்குனா?”

அவன் சிப்பத்தை எடுக்கக் குனிந்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“நீ ஏம்லே நின்ன? ஓடிருக்கலாம்லா. என்னத் தாண்டி ஓடிருக்கலாம்லா.”

“நீ கொடத்தோட நிக்கும்போது எப்பிடிக்கா ஓட?”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் ஓவென்று அழவில்லை. அந்த வாய்க்காரி அழுது மண்டியைக் கூட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். தன் வலது கையை ஒரு தடவை பார்த்தாள், பிறகு முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவன் அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்தான்.

“யக்கா, இந்தத் தடவ நீ சும்மா நின்னா போதும். கையில ஒண்ணும் வேண்டாம். வாசல்ல நில்லு, நான் பாத்துக்கிட்டே போயிருவேன். நீ நிக்கன்னு நெனச்சுக்கிட்டுதான் பழையகாயல்ல இருந்து வருவேன்.”

“சரி” என்றாள்.

உப்பு லாரி வரைக்கும் நான்தான் கூடப் போனேன். ஏறும்போது, “ஜெயசிங் தம்பி, அவன் வாரதப் பாத்தா என் கை சும்மா இருக்குமா?” என்று கேட்டாள். நான் என்னவோ சமாதானம் சொன்னேன்.

பந்தயத்தன்று போகும்போது, முள்ளக்காட்டில் வேடிக்கை பார்க்க நின்ற கூட்டம் அந்த வீட்டு வாசலை மறைத்திருந்தது, அவள் அதற்குள் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம். அவன் பழையகாயலில் திரும்பும்போது முதல் ஆளாக வந்தான். இரண்டாவதாக வந்த சாத்தான்குளத்துப் பையன் வெகு தூரம் பின்னால். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பம்பாய்க்கு எந்த ரயில், கூட யார் போவது என்று சைக்கிளில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். முள்ளக்காடு நெருங்க நெருங்க அவன் முகம் தெளிவாகிக்கொண்டே வந்தது. அந்தக் கொதிக்கிற ரோட்டில் அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது.

வீடு பூட்டியிருந்தது.

பகல் நேரத்தில் அந்த வீடு பூட்டிக் கிடந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வெயில் ஏறிக் கூட்டம் கலைந்திருந்தது, வாசலில் ஆள் இல்லை. முற்றத்தில் ஒரு துணிகூடக் காயவில்லை. அவன் வேகம் குறைந்தது. நாலடி தாண்டிப் போனவன் திரும்பி வந்தான். பக்கத்து வீட்டு வாசலில் இசக்கியம்மாள் என்ற பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள்.

“யக்கா எங்க? எங்கக்காவுக்கு என்ன?” என்று கேட்டான்.

இசக்கியம்மாளுக்குத் தண்டோரா ஞாபகம். ஓடுகிறவனுக்குப் பேச்சுக் கொடுத்தால் அவனை நீக்கிவிடுவார்கள். போன தடவை ஒருத்தி கெடுத்தது போதாதென்று தானும் கெடுப்பதா? அவள் இரண்டு கையாலும் போ, போ என்று விரட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எதிர் வீட்டுக்காரர்களும் உள்ளே போய்விட்டார்கள். அவன் நடு ரோட்டில் நின்றான். அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது, தன் பந்தயம் கெடக் கூடாதென்று ஊரே மறைக்கிறது என்று அவன் நினைத்தான். அவன் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நான் பக்கத்தில் போய் ஏதாவது சொல்லலாம் என்றால் எனக்கும் ஒன்றும் தெரியாது, பின்னால் ஜீப்பும் வந்துகொண்டிருந்தது. சாத்தான்குளத்துப் பையன் எங்களைத் தாண்டிப் போனான்.

பிறகு அவன் ஓடினான். அதை ஓட்டம் என்று சொல்வதற்கில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். இன்னும் இரண்டு பேர் தாண்டினார்கள், பிறகு இன்னும் சிலர். ஊருக்குள் வரும்போது அவனுக்காக யாரும் காத்திருக்கவில்லை. முதலாளி மட்டும் நின்றார். அவர் வாயிலிருந்து அன்றைக்கு ஒரு வசவுகூட வரவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கிய நடுவர் இந்தத் தடவை எழுத ஒன்றும் இல்லாமல் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். விதிப்படி எல்லாம் சரியாக நடந்திருந்தது.

மாலை எதுவும் இல்லை, சோடா இல்லை. நம்பர் துணியைக்கூடக் கழற்றாமல் முள்ளக்காட்டுக்குத் திரும்பினான். பஸ்ஸில் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உப்பளத்தில் முப்பிடாதியைக் கண்டுபிடித்தோம். அவர் எங்களைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டார். வடிவக்கா முந்தின நாள் சாயங்காலமே ஆழ்வார்திருநகரியில் தன் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டாள். பந்தயம் முடிகிற வரைக்கும் அவனிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். “நான் எம்புட்டோ சொன்னேன் மாப்ள” என்றார் அவர். “அங்கன நின்னா என் கை நிக்காதுன்னுட்டா. கண்ணுலயே படமாட்டேன், அப்பந்தான் அவன் ஜெயிப்பான்னுட்டா.”

வன்னியபெருமாள் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில் முதலில் சிரித்தான். பிறகு முகத்தை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அழுதான். முப்பது வயசு ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? தண்ணீரை ஊற்றி ஒரு தடவை, ஊற்றாமல் ஒரு தடவை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கடவுள்மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எங்கள் போதகரிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் நாங்கள் ஆழ்வார்திருநகரிக்குப் போனோம். பூட்டின வீட்டு முன்னால் அவன் நின்றதை அக்காவிடம் சொல்லக் கூடாது என்று முப்பிடாதியிடமும் இசக்கியம்மாளிடமும் முந்தின நாளே கேட்டிருந்தான், போகிற வழியில் என்னிடமும் அதையேதான் கேட்டுக்கொண்டான், நானும் வாயைத் திறப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். எங்களைப் பார்த்ததும் வடிவக்கா வாசலுக்கு ஓடி வந்தாள். கேட்காமலே முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

“மூச்சு வாங்கிட்டுக்கா” என்றான் அவன். “வயசாயிட்டுல்லா. பழையகாயல் போகுமுன்னயே எல்லாவனும் தாண்டிட்டான். சின்னப் பயலுவ கூட இனி நமக்கு ஆகாது.”

அவள் அவனை உட்கார வைத்துச் சோறு போட்டாள். குழம்பைத் தன் கையாலேயே ஊற்றினாள். இரண்டு வருஷத்து எள்ளுருண்டையையும் முட்டையையும் சொல்லிச் சொல்லிப் புலம்பினாள். பிறகு, மனசிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கினவளாக, அவன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“போகுது விடு ராசா. நல்லவேள, நான் அங்கன இல்லாமப் போனேன். இந்தத் தடவையாவது என்னால இல்லன்னு ஆச்சே.”

“ஆமாக்கா” என்று சொல்லிவிட்டு அவன் சோற்றைப் பிசைந்தான்.